நின்றுகொண்டு துடுப்புப் போடுவது

ஸ்டாண்ட் அப் பேடில் போர்டிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. சுருக்கமாக ‘சப்’ என்கிறார்கள். பத்தரை அடி நீளம், இரண்டே முக்கால் அடி அகலத்தில் ஒரு பலகை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண் நீளமாக ஒரு துடுப்பு. பலகையின் மேல் நின்றுகொண்டு துடுப்புப் போட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்கும்போது சுலபமாக இருக்கும்.

கோவளத்துக்குப் பக்கத்தில், முட்டுக்காடு காயலில், இரண்டு மாதமாக இதைக் கற்றுக்கொண்டு வருகிறேன். எனக்கு 66 வயது. முப்பத்தாறு வருடம் வங்கி நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு. சிறு வயதில் தாமிரபரணியில் கரைக்குக் கரை நீந்தியவன்தான். வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி மிதந்திருக்கிறேன். ஆனால் வேலைக்கு வந்த பிறகு தண்ணீர் என்றால் குளியலறைத் தண்ணீர்தான். மகள் பணம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். கட்டின பணம் வீணாகக்கூடாது என்பது எங்கள் தலைமுறையின் மதம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தோள் வலிக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் போவார்கள். தோள் வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் படுத்தியது உள்ளங்கால். பலகை ஆடும்போது விழாமல் இருப்பதற்காகக் கால்விரல்கள் நம்மைக் கேட்காமலே பலகையைக் கவ்வப் பார்க்கின்றன. “விரலால பிடிக்காதீங்க சார், பாதத்தை விரிச்சு வைங்க” என்று சொல்லிக் கொடுக்கும் தம்பி நூறு தடவையாவது சொல்லியிருப்பான். கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகள் நொடிக்கு நொடி திருத்தம் செய்துகொண்டே இருக்கின்றன. பத்து நிமிடத்தில் பாதம் குரக்களி பிடித்துக்கொள்ளும். மறுநாள் கெண்டைக்கால், அதற்கு மறுநாள் விலாவும் இடுப்பும். பழக்கமில்லாத வேலை செய்த உடம்பில் இரண்டாம் நாள் வலிதான் உச்சம். மூன்றாம் நாள் படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைத் தேடினேன்.

துடுப்பைக் கையால் இழுப்பதில்லை. இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுக்கவேண்டும். துடுப்பின் அகலப் பகுதி தண்டிலிருந்து லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு முன்பக்கம் பார்த்திருக்கவேண்டும். பார்த்தால் தலைகீழாகப் பிடித்த மாதிரி தோன்றும், ஆனால் அதுதான் சரி. பார்வை காலடியில் இருந்தால் விழுவோம். தொலைவில் ஒரு பனைமரத்தைப் பார்த்தால் நிற்போம். முதலில் முட்டி போட்டுத் துடுப்புப் போட்டுவிட்டு, பலகை கொஞ்சம் வேகம் எடுத்ததும், ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்து நிற்கவேண்டும். எனக்கு நிற்பதைவிட முட்டி போடுவதுதான் கஷ்டம். மூட்டுத் தேய்மானம். வாசகர்களில் பாதிப் பேருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். உயிர்காப்பு உடுப்பு போட்டிருக்கிறோம், பலகையும் ஒரு கயிற்றால் கணுக்காலோடு கட்டியிருக்கிறது. பலகையின் நடுவில் இருக்கும் பிடியைப் பிடித்து, காலை உதைத்து, வயிற்றால் சரிந்து ஏறவேண்டும். முதல் நாள் ஒன்பது தடவை விழுந்தேன். பக்கத்தில் பயின்ற கல்லூரிப் பெண் எண்ணிச் சொன்னாள்.

இந்த வலியோடு வீட்டில் படுத்திருந்தபோதுதான் இதன் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. இந்த விளையாட்டே உடம்பு ஒத்துழைக்காதவர்களிடமிருந்து வந்தது.

இதன் ஊர் ஹவாய்த் தீவுகள். அலைமேல் பலகையில் சறுக்குவது அங்கே மிகப் பழைய வழக்கம். கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில் 1779-ல் கியலகேகுவா வளைகுடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலேயர்கள் அதைப் பார்த்து வியந்து எழுதி வைத்தார்கள். பிறகு வெளியிலிருந்து வந்த நோய்கள் தீவு மக்களை வாரிக்கொண்டு போயின. 1820-ல் வந்திறங்கிய மிஷனரிகளுக்கும் அரைகுறை உடையில் அலையில் விளையாடுவது பிடிக்கவில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில் சறுக்குபவர்கள் வெகு சிலர்தான் மிஞ்சினார்கள். மீண்டும் உயிர் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹொனலுலு நகரத்தை ஒட்டிய வைக்கீகி கடற்கரையில், சுற்றுலாப் பயணிகளின் காசால். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானமோகு அந்தக் கடற்கரையில் வளர்ந்தவர்.

அங்கே வரும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக் கொடுப்பதையும் படகு ஓட்டுவதையும் தொழிலாகக் கொண்டிருந்த உள்ளூர் ஆட்களுக்கு ‘பீச் பாய்ஸ்’ என்று பெயர். அறுபது வயதானாலும் ‘பாய்’தான். நம் ஊரில் ஆபீஸ் பாய் ஓய்வு பெறுகிற வரைக்கும் பாயாகவே இருந்தது போல. படகுத் துடுப்பை எடுத்துக்கொண்டு பெரிய சறுக்குப் பலகைமேல் நின்றபடியே தண்ணீருக்குள் போகும் வழக்கம் இவர்களிடம்தான் இருந்தது. நின்றால் மாணவர்கள் எங்கே தத்தளிக்கிறார்கள் என்று தெரியும், வருகிற அலையும் முன்கூட்டியே தெரியும். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டு, நனையாமல், பயணிகளைப் படம் பிடித்துக் கொடுத்தும் சம்பாதித்தார்கள்.

இவர்களில் ஆ சாய் குடும்பத்தின் கதையைத்தான் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்கிறார்கள். பாபி ஆ சாய் என்ற பயிற்சியாளர் வாகன விபத்தில் அடிபட்டவர். அதன் பிறகு பலகையில் முட்டி போடவோ, குப்புறப் படுத்துக் கையால் துழாவவோ அவரால் முடியவில்லை. அதனால் நின்றுகொண்டு துடுப்பால் போனார். அவருடைய அப்பா, ‘பாப்ஸ்’ என்று எல்லோரும் அழைத்தவர், நடுவயது தாண்டிய பிறகு அலைக்கு வந்தவர். படுத்து எழுந்து, படுத்து எழுந்து என்பது அவருக்கும் ஆகவில்லை. அவரும் நின்றுவிட்டார். ஜான் சபோடோக்கி என்று இன்னொருவர், 1940-களில் அங்கே குடியேறி, பல பத்தாண்டுகள், முதுமையிலும் விடாமல், வைக்கீகியில் நின்று துடுப்புப் போட்டவர். ஆக, படுக்க முடியாதவர்களும் முட்டி போட முடியாதவர்களும் கண்டுகொண்ட வழி இது. மூட்டுத் தேய்மானக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது?

அந்தத் தலைமுறைக்குப் பிறகு வழக்கம் மங்கிவிட்டது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் லேர்ட் ஹாமில்டன் போன்ற பெரிய அலை வீரர்கள், அலை இல்லாத நாட்களில் உடற்பயிற்சிக்காக இதைக் கையில் எடுத்தார்கள். அதற்கென்றே நீளமான துடுப்புகள் செய்தார்கள். கலிஃபோர்னியாவுக்குப் போனது, பிறகு உலகம் முழுக்கப் போனது. அலை வேண்டியதில்லை, ஏரி போதும் என்பதால் கடலே இல்லாத நாடுகளிலும் பரவியது. 2012-ல் பெரு நாட்டில் முதல் உலகப் போட்டி நடந்தது. விளையாட்டு பெரிதானால் சண்டையும் வரவேண்டுமல்லவா? அலைச்சறுக்குச் சம்மேளனமும் படகுச் சம்மேளனமும் இது யாருக்குச் சொந்தம் என்று விளையாட்டு நடுவர் மன்றம் வரைக்கும் போனார்கள். ஒலிம்பிக்கைப் பொறுத்தவரை அலைச்சறுக்குக்காரர்களுக்கே என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. இன்னும் ஒலிம்பிக்கில் சேர்க்கப்படவில்லை, அது வேறு விஷயம்.

ஹவாய் மொழியில் இதற்கு ‘ஹோயி ஹெஏ நாலு’ என்று பெயர். ஹோயி என்றால் துடுப்பு, ஹெஏ என்றால் சறுக்குதல், நாலு என்றால் அலை. நாலு என்ற சொல்லைப் பார்த்ததும் அது தமிழ்தான் என்று யாராவது வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஏனென்றால் நமக்கு இதில் உண்மையாகவே ஒரு பங்கு இருக்கிறது. அதற்குப் பொய்த் துணை தேவையில்லை.

ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்ற சொல் நம் கட்டுமரம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட தன் உலகப் பயண நூலில் இந்தச் சொல்லைச் சோழமண்டலக் கரையோடு சேர்த்து எழுதுகிறார். ஒரே ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய, கால்கள் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் சிறிய மரங்களைப் பற்றியும் சொல்கிறார். ஆனால் இன்று உலகம் கேட்டமரான் என்று சொல்வது நம்முடையதை அல்ல. 1876-ல் நத்தானியல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு ஓடங்களை இணைத்த பாய்ப்படகு ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் தோற்கடித்தார். அந்த வகைப் படகுக்குத்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் உருவம் பசிபிக் தீவுகளின் இரட்டை ஓடம். பெயர் நம்முடையது, பொருள் அவர்களுடையது. கட்டுமரத்துக்கு ஓடு கிடையாது, உள்ளே என்று ஓரிடம் கிடையாது. எடை குறைந்த மரக்கட்டைகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. தண்ணீர் அதன் இடுக்கில் புகுந்து வெளியேறும். மூழ்குவதற்கு அதில் எதுவுமில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இந்த மரங்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, 1920-ல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார்.

சென்னைக்கு இந்த மரங்கள் எவ்வளவு வேண்டியிருந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம். 1639-ல் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கிக் கோட்டை கட்டிய கரையில் துறைமுகமே கிடையாது. நேரான மணற்கரை, அதன்மேல் வரிசை வரிசையாக உடையும் அலை. கப்பல்கள் வெகு தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசுலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை அறையும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகுகளுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் கூடவே வரும். யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கிப் போடுவது மரத்துக்காரர்களின் வேலை. கடல் கொந்தளித்து மசுலாப் படகே போக முடியாத நாட்களிலும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே கடிதம் கொண்டுபோனது கட்டுமரம்தான். கடிதம் நனையாமலிருக்க, ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் கட்டிக்கொள்வார்கள். உயிர்களைக் காப்பாற்றிய மரத்துக்காரர்களுக்கு அரசு பதக்கம் கொடுத்ததும் உண்டு.

அந்தக் காலத்து ஓவியங்களையும் பிறகு வந்த புகைப்படங்களையும் பாருங்கள். மரத்தின் மேல் சிலர் முட்டி போட்டிருப்பார்கள், சிலர் நின்றிருப்பார்கள். கையில் நீளமான துடுப்பு. என்னைப் பயிற்சியில் நிற்க வைத்த அதே நிலை. கால் அகற்றி, முட்டி லேசாக மடித்து, பார்வை தூரத்தில். வித்தியாசம் ஒன்றுதான். எனக்கு உயிர்காப்பு உடுப்பு உண்டு, கரையில் காரும் உண்டு. 1861-ல் இரும்புப் பாலம் கட்டிக் கடலுக்குள் நீட்டினார்கள். 1870-களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் கட்டினதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. திரும்பக் கட்டினார்கள். துறைமுகம் வந்தபின் மசுலாப் படகின் பிழைப்பு போய்விட்டது. கட்டுமரம் மீனுக்காக இன்னும் நூறு வருடம் ஓடியது.

நம் கட்டுமரத்துக்காரனைப் பார்த்து வைக்கீகிக்காரன் கற்றுக்கொண்டான் என்று சொல்ல ஒரு சான்றும் கிடையாது. அப்படிச் சொல்லவும் தேவையில்லை. பெரு நாட்டு வான்சாக்கோ ஊரில் கோரைப்புல்லைக் கட்டி அதன்மேல் மீன் பிடிக்கப் போகிறார்கள். அவர்கள் உட்கார்ந்தும் முட்டி போட்டும் போவார்கள், துடுப்பு பிளந்த மூங்கில். இஸ்ரேல் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் ‘ஹசாகே’ என்ற அகலமான பலகையில் நின்றுகொண்டு நீண்ட துடுப்பால் போய் ஆட்களை மீட்பது பல தலைமுறை வழக்கம். ஒருவரை ஒருவர் பார்க்காமலே, வேலை இழுத்த இழுப்பில், எல்லோரும் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

எனக்குச் சொல்லிக் கொடுக்கும் தம்பி கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. 23 வயது. அந்த ஊரிலிருந்து சேகர் பச்சை போன்றவர்கள் இந்தப் பலகையில் தேசியப் பட்டம் வரைக்கும் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்து வந்தவர்களில் இவனும் ஒருவன். துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத்தான் கற்றானாம். உங்கள் வீட்டில் மரம் இருந்ததா என்று கேட்டேன். “தாத்தா போயிருக்காரு சார். நான் பாத்ததில்ல” என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் தாத்தாவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். எண்பதைத் தாண்டியவர். வீட்டு வாசலில், ஒரு பக்கம் செதுக்கிய நீண்ட கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். மரத்தின் கட்டைதான் அது. மற்றவை 2004 டிசம்பர் 26 அன்று போய்விட்டன. நிவாரணமாகப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஃபைபர் படகு. அதற்கு முன்பே ஊரில் பாதிப் பேர் இஞ்சின் வைத்த ஃபைபருக்கு மாறிவிட்டிருந்தார்கள் என்றார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் தெரியவில்லை. “மரத்துல போனா எப்பவும் ஈரம் சார். இடுப்புக்குக் கீழ காயவே காயாது. எம் பசங்க அந்தக் கஷ்டம் படல” என்று சொன்னார். இந்த மாதிரி விஷயங்களில் ஏக்கப்பட்டு எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நிற்பதைப் பற்றிக் கேட்டேன்.

“அலையத் தாண்டுற வரைக்கும் முட்டி போடணும். தாண்டினப்புறம் எழுந்துக்கலாம். நின்னாத்தான் மீன் கூட்டம் தெரியும், தண்ணி நெறம் மாறுறது தெரியும்.”

“யாருங்கய்யா சொல்லிக் கொடுத்தது?”

“இதுக்கு யாரு சொல்லித் தர்றது? அப்பாகூட மரத்துல போவேன். நிக்கணும், நின்னேன்.”

பேரன் பலகையையும் துடுப்பையும் கொண்டுவந்து காட்டினான். காற்றடைத்த பலகை. மேல்தோலையும் கீழ்தோலையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருப்பதால், காற்றை அழுத்தி நிரப்பினால் மரப்பலகை மாதிரியே விறைத்துவிடும். 1950-களில் அமெரிக்காவில் குட்இயர் கம்பெனி காற்றடைத்த விமானம் ஒன்றைச் செய்ய இதே முறையைத்தான் பயன்படுத்தியது. பெரியவர் பலகையைத் தட்டிப் பார்த்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “எங்க மரத்த ஆளுக்கு ஒரு கட்டையா தூக்கணும்” என்றார். பிறகு துடுப்பை வாங்கினார். எழுந்து நின்று, மேல்கையை அதன் நுனியில் வைக்காமல் ஒரு முழம் கீழே பிடித்து, காற்றில் இரண்டு இழுப்பு இழுத்தார். இரண்டாவது இழுப்பில் அவர் கை அசையவே இல்லை, இடுப்பு மட்டும் திரும்பியது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு மாதமாக அவன் என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பது அதுதான்.

அடுத்த வகுப்பில், பெரியவர் பிடித்த மாதிரி ஒரு முழம் கீழே பிடித்துப் பார்த்தேன். எனக்கு வசதிப்படவில்லை. கட்டுமரம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடப்பது, இந்தப் பலகை அரையடி உயரத்தில் நிற்பது, அதனால் பிடியும் மாறுமோ என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். இப்போது நாற்பது நிமிடம் விழாமல் நிற்கிறேன். உள்ளங்கால் குரக்களி நின்றுவிட்டது. விலா வலி இன்னும் இருக்கிறது. பருவமழை தொடங்கி முகத்துவாரம் திறந்துவிட்டால் காயலில் இழுப்பு அதிகமாகிவிடுமாம். அதனால் ஐப்பசிக்குப் பிறகு இரண்டு மாதம் வகுப்பு இல்லை.

அந்த இடைவெளியில் பெரியவரிடம் இன்னொரு முறை உட்காரலாம் என்று இருக்கிறேன். மரத்தின் ஒவ்வொரு கட்டைக்கும், ஒவ்வொரு கட்டுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்குக் குறிப்பேடு கொண்டுபோகவில்லை. காசிமேடு, நாகை, தூத்துக்குடி, குமரி பக்கம் மரத்தில் போன பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர்கள் சொல்லும் பெயர்களையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஊர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.